பிராசஸர் ஐடி இரண்டு கணினிகளில் ஒன்றாகவே வருகிறதே, உண்மையான ஹார்ட்வேர் ஐடியை கோட் மூலம் எடுப்பது எப்படி?

கேட்டவர் சி ஷார்ப்பில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறார். ஒரு லைசென்ஸ் ஒரு கணினியில்தான் ஓட வேண்டும். அதற்காக டபிள்யூஎம்ஐ (கணினியின் விவரங்களைத் தரும் விண்டோஸ் சேவை) வழியாக வின்32_பிராசஸர் வகுப்பில் இருக்கும் பிராசஸர்ஐடியை எடுத்திருக்கிறார். ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய இரண்டு கணினிகளிலும் அதே எண் வருகிறது. கோடில் எங்கே தப்பு என்று கேட்கிறார்.

கோடில் தப்பே இல்லை. அந்த எண்ணுக்கு வைத்த பெயர்தான் தப்பு. பிராசஸர்ஐடி என்பது சிபியுஐடி கட்டளையை 1 என்ற மதிப்போடு கூப்பிட்டால் இஏஎக்ஸ், இடிஎக்ஸ் என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) வரும் 64 பிட். ஒன்றில் பிராசஸரின் குடும்பம், மாடல், ஸ்டெப்பிங் (அதே மாடலின் திருத்தப் பதிப்பு) இருக்கும். இன்னொன்றில் அது என்னென்ன வசதிகளைத் தாங்கும் என்ற கொடிகள் இருக்கும். இரண்டையும் ஒட்டி 16 ஹெக்ஸ் எழுத்தாகக் காட்டுகிறார்கள். ஒரே மாடலில், ஒரே ஸ்டெப்பிங்கில் எத்தனை லட்சம் சில்லு செய்தாலும் இது ஒன்றுதான். வண்டியின் சேசிஸ் நம்பரைக் கேட்டால் வண்டியின் மாடல் பெயரைச் சொல்வது மாதிரி.

உண்மையான சீரியல் எண் ஒருகாலத்தில் இருந்தது. 1999இல் வந்த பென்டியம் 3இல் 96 பிட் எண் ஒன்றை இன்டெல் வைத்தது. தனியுரிமை போய்விடும் என்று பெரிய எதிர்ப்பு வந்தது. பென்டியம் 4இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு சாதாரண விண்டோஸ் கணினியில் எந்த மொழியில் எழுதினாலும் பிராசஸரிடமிருந்து தனி எண் கிடைக்காது. பிராசஸர்ஐடியைத் தனி அடையாளம் என்று சொல்லிக் கொடுக்கும் பதில்கள் இன்னும் இணையம் முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் கோடும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

(கீழே வரும் வகுப்பு, ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டு யூயூஐடி, அதாவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய அடையாள எண். பயாஸுக்குள் எஸ்எம்பயாஸ் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் 1ஆம் வகைப் பதிவில் 16 பைட் யூயூஐடி இருக்கும். டபிள்யூஎம்ஐயில் அது வின்32_கம்ப்யூட்டர்சிஸ்டம்ப்ராடக்ட் வகுப்பின் யூயூஐடி. விண்டோஸை ஃபார்மட் செய்தாலும், டிஸ்க்கை மாற்றினாலும் இது மாறாது. பெரிய கம்பெனி லேப்டாப்பில் நம்பி எடுக்கலாம்.

சிக்கல் அசெம்பிள் செய்த கணினியில்தான். சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் போர்டு, ரேம், கேபினட் என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டிய கணினிக்கு அந்த அட்டவணையை நிரப்ப யாரும் இல்லை. போர்டு சீரியலைக் கேட்டால் "டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்." என்றோ "டிஃபால்ட் ஸ்ட்ரிங்" என்றோ வரும். யூயூஐடி முழுக்க சைபராகவோ முழுக்க எஃப் ஆகவோ இருக்கலாம். முழுக்க சைபர் என்றால் ஐடியே இல்லை, முழுக்க எஃப் என்றால் இன்னும் எழுதப்படவில்லை என்று அந்த விதிமுறையே சொல்கிறது. இவை இரண்டையும் எல்லோரும் வடிகட்டுவார்கள். தப்பிப் போவது இன்னொன்று: 03000200-0400-0500-0006-000700080009. பார்த்தால் ஒழுங்கான யூயூஐடி மாதிரியே இருக்கும். போர்டு செய்தவர் வைத்த மாதிரி மதிப்பு அது. நிறைய போர்டுகளில் அப்படியே வெளியே வந்திருக்கிறது. இதை வடிகட்டாமல் விட்டால் ஒரு கடைக்குக் கொடுத்த லைசென்ஸ் பத்து கடையில் ஓடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே எடுத்த மதிப்பை டிரிம் செய்து, சிறிய எழுத்தாக்கி, குப்பைப் பட்டியல் ஒன்றோடு ஒப்பிட்டு, சிக்கினால் "இந்த உறுப்பு இல்லை" என்றே குறித்துக்கொள்ளுங்கள். ஹேஷ் என்பது எந்த மதிப்பையும் ஒரே நீளமுள்ள எண்ணாக மாற்றும் கணக்கு; குப்பையை ஹேஷ் செய்தால் அழகான குப்பைதான் வரும்.

எப்படிப் படிப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. டபிள்யூஎம்ஐயைக் கேட்கும் டபிள்யூமிக் கட்டளையை புராசஸாக ஓட்டி அதன் வெளியீட்டை வெட்டி எடுக்கும் கோடை இனிமேல் எழுதாதீர்கள். அது கைவிடப்பட்ட கருவி. விண்டோஸ் 11 24எச்2இல் தானாக நிறுவப்படுவதே இல்லை. இருக்கும் கணினியிலும் அதன் வரி முடிவு சாதாரணமானது இல்லை, கேரேஜ் ரிட்டர்ன் இரண்டு முறை வந்து பிறகு நியூலைன் வரும். வரியைப் பிரித்தவர் ஒன்றை நீக்கி இன்னொன்றை விட்டுவிடுவார். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் எழுத்தோடு ஹேஷ் போட்டால் எண்ணே வேறு. பவர்ஷெல்லில் பார்க்க வேண்டும் என்றால் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் போதும். சி ஷார்ப்பில் சிஸ்டம்.மேனேஜ்மென்ட். பழைய ஃப்ரேம்வொர்க்கில் அது கூடவே வரும், டாட்நெட் 5 முதல் நுகெட் பேக்கேஜாகத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

டபிள்யூஎம்ஐயே வேண்டாம் என்பது என் கட்சி. முதல் முறை கூப்பிடும்போது மெதுவாக இருக்கும். அதன் ரெப்பாசிட்டரி கெட்டுப்போன கணினிகளும் உண்டு, அங்கே உங்கள் மென்பொருள் திறக்கவே திறக்காது. விண்டோஸில் கெட்சிஸ்டம்ஃபெர்ம்வேர்டேபிள் என்று நேரடி ஃபங்ஷன் இருக்கிறது. அட்மின் உரிமை வேண்டாம். முதல் அளவுருவாக ஆர்எஸ்எம்பி என்ற நான்கு எழுத்துக் குறி, எண்ணாகப் போட்டால் 1381190978. இரண்டாவது சைபர். முதல் தடவை பஃபர் இல்லாமல் கூப்பிட்டால் எவ்வளவு பைட் தேவை என்று சொல்லும். அவ்வளவு ஒதுக்கி மறுபடி கூப்பிடுங்கள்.

வரும் பைட்டுகளில் முதல் 8ஐத் தாண்டுங்கள், அது தலைப்பு. அதன் பிறகு பதிவுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பதிவிலும் 0ஆம் பைட் வகை, 1ஆம் பைட் நீளம். நீளம் என்றால் பதிவின் முழு நீளம் என்று நினைத்து அடுத்த பதிவுக்குத் தாவுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. அந்த நீளம் முன்பகுதிக்கு மட்டும். அதற்குப் பின்னால் எழுத்துச் சரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவை இரண்டு சைபர் பைட் அடுத்தடுத்து வரும் இடத்தில் முடியும். அந்த இரட்டைச் சைபரைத் தாண்டினால்தான் அடுத்த பதிவு. வகை 1 கிடைத்ததும் நீளம் 24க்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 8ஆம் பைட்டிலிருந்து 16 பைட் எடுங்கள், அதுதான் யூயூஐடி. 7ஆம் பைட்டில் இருப்பது சீரியலே அல்ல, அது எத்தனையாவது சரம் என்ற எண். வகை 2, போர்டு. அதிலும் சீரியல் சரத்தின் எண் 7ஆம் பைட்டில்தான். வகை 127 வந்தால் நிறுத்திவிடலாம்.

இன்னொரு பள்ளம், பைட் வரிசை. யூயூஐடியின் முதல் மூன்று பகுதிகள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். பைட்டில் 33 22 11 00 55 44 77 66 என்று இருந்தால் திரையில் 00112233-4455-6677 என்று வர வேண்டும். மீதி 8 பைட் உள்ளபடியே. சி ஷார்ப்பில் 16 பைட்டை கைட் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்தால் அது தானே சரி செய்துவிடும். பைத்தானில் யூயூஐடி வகுப்புக்கு பைட்ஸ் என்று கொடுக்காமல் பைட்ஸ்_எல்ஈ என்று கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரே கணினிக்கு விண்டோஸில் ஓர் எண், லினக்ஸில் ஓர் எண் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது டிஸ்க். வால்யூம் சீரியலையும் டிஸ்க் சீரியலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கெட்வால்யூம்இன்ஃபர்மேஷன் தருவது ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் போடும் 32 பிட் எண். ஃபார்மட் செய்தால் மாறும், டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் அதுவும் கூடவே போகும். அதாவது மாறக்கூடாத நேரத்தில் மாறும், மாற வேண்டிய நேரத்தில் மாறாது. டிஸ்க் சீரியல் என்பது செய்தவர் சில்லில் எழுதியது. வின்32_டிஸ்க்டிரைவ் வகுப்பில் சீரியல்நம்பர். பட்டியலில் முதலில் வருவதை எடுக்காதீர்கள், பென்டிரைவ் செருகியிருந்தால் வரிசை மாறலாம். பூட் ஆகும் டிஸ்க் எது என்று எம்எஸ்எஃப்டி_டிஸ்க் வகுப்பின் இஸ்பூட் சொல்லும். அதை எடுங்கள்.

அந்தச் சீரியலின் முன்னாலும் பின்னாலும் வெற்றிடம் இருக்கும், வெட்டுங்கள். ஏடிஏ டிஸ்க்கில் 20 எழுத்து, அதில் இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாறி இருப்பதும் உண்டு. பழைய விண்டோஸில் அப்படியே வரும். என்விஎம்இ டிஸ்க்கில் நடுவில் அடிக்கோடும் கடைசியில் புள்ளியுமாக ஒன்று வரும், ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்தே போகாது. கவலை வேண்டாம். எப்போதும் ஒரே இடத்திலிருந்து படித்தால் சரி. ஸ்டோரேஜ் டிரைவர் மாறினால் அதே டிஸ்க்கே வேறு வடிவத்தில் எண் சொல்லக்கூடும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

மேக் அட்ரஸ், அதாவது நெட்வொர்க் கார்டின் முகவரி. இதை மட்டும் வைத்து லைசென்ஸ் போடுபவர்களை என்ன சொல்வது. விபிஎன் போட்டால் ஒரு அடாப்டர், விர்ச்சுவல்பாக்ஸ் போட்டால் ஒரு அடாப்டர், கைப்பேசியை யூஎஸ்பியில் இணைத்து நெட் எடுத்தால் ஒரு அடாப்டர். விண்டோஸ் 10லிருந்து வைஃபைக்கு ரேண்டம் முகவரி வசதியும் இருக்கிறது. எடுத்தே தீர வேண்டும் என்றால் பிஎன்பிடிவைஸ்ஐடி "பிசிஐ" என்று தொடங்கும் அடாப்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் பெர்மனன்ட்அட்ரஸை எடுங்கள். எம்எஸ்எஃப்டி_நெட்அடாப்டர் வகுப்பில் கிடைக்கும். முதல் பைட்டில் 2 என்ற பிட் ஏறியிருந்தால் அது யாரோ மென்பொருளில் போட்ட முகவரி, தள்ளுங்கள். பைத்தான்காரர்களுக்குத் தனியாக: யூயூஐடி.கெட்நோட் உங்களுக்கு மேக் தருகிறது என்று நம்பாதீர்கள். கிடைக்காவிட்டால் பிழை சொல்லாது, 48 பிட் ரேண்டம் எண்ணைக் கொடுத்துவிடும். முதல் பைட்டின் கடைசி பிட் 1 ஆக இருந்தால் அது கட்டிவிட்ட எண். புரோகிராமை அடுத்த முறை திறந்தால் வேறு எண் வரும்.

மெஷின்கைட் வன்பொருளே இல்லை, ஆனாலும் எனக்குப் பிடித்தது. ரிஜிஸ்ட்ரியில் ஹெச்கீ_லோக்கல்_மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், கிரிப்டோகிராஃபி என்று போனால் இருக்கும். விண்டோஸ் நிறுவும்போது உருவாகிறது. உங்கள் புரோகிராம் 32 பிட்டாக பில்ட் ஆகி 64 பிட் விண்டோஸில் ஓடினால் ரிஜிஸ்ட்ரி அதை வாவ்6432நோட் பக்கம் திருப்பிவிடும், அங்கே இந்த மதிப்பைத் தேடினால் கிடைக்காமல் போகும். ரிஜிஸ்ட்ரிவியூவில் ரிஜிஸ்ட்ரி64 என்று சொல்லித் திறங்கள். பைத்தான் என்றால் கீ_வாவ்64_64கீ கொடியைச் சேருங்கள். சிஸ்பிரெப் (பிரதி எடுக்கும் முன் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) செய்யாமல் ஒரே இமேஜை இருபது கணினிக்குப் போட்டிருந்தால் இருபதிலும் மெஷின்கைட் ஒன்றுதான். கல்லூரி லேப், பிரவுசிங் சென்டர் இரண்டிலும் இது சர்வ சாதாரணம்.

கணினிப் பெயர், பயனர் பெயர் இரண்டையும் சேர்த்து ஹேஷ் செய்து அதையே ஐடி என்பவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள் என்று ஒரு வரியில் முடிக்கலாம், ஆனால் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. பயனர் பெயரைத் தமிழில் வைத்தால் நம் ஊர் மென்பொருளே படுத்துவிடுகிறது. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) என்று ஒன்று கிடையவே கிடையாது, தமிழ் முழுக்க யூனிகோட் வழிதான். ஏ என்று முடியும் பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்டால் "கண்ணன்" கேள்விக்குறி வரிசையாகத்தான் திரும்பி வரும். ஃபோல்டர் பாதையும் அப்படியே, ஃபைல் திறக்காது. தமிழில் பில் அடிக்கும் மென்பொருள் தமிழில் பெயர் வைத்தவரின் கணினியில் நிறுவ மறுத்தால், பயனர் பெயரை ஆங்கிலத்தில் மாற்றச் சொல்கிறார்களே தவிர டபிள்யூ என்று முடியும் ஃபங்ஷனுக்கு மாற ஒருவருக்கும் மனம் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

லினக்ஸ் என்றால் இடிசி ஃபோல்டரில் மெஷின்-ஐடி ஃபைல், 32 ஹெக்ஸ் எழுத்து, யாரும் படிக்கலாம். அதை அப்படியே வெளியே அனுப்பாதீர்கள், ரகசியமாக வைக்கச் சொல்லித்தான் அதன் மேனுவலே சொல்கிறது. சிஸ்டம்டி தரும் எஸ்டி_ஐடி128_கெட்_மெஷின்_ஆப்_ஸ்பெசிஃபிக் உங்கள் மென்பொருளுக்கென்று தனியாக ஒன்றைக் கணக்கிட்டுக் கொடுக்கும். ப்ராடக்ட்_யூயூஐடி, போர்டு_சீரியல் எல்லாம் சிஸ், கிளாஸ், டிஎம்ஐ, ஐடி என்ற பாதையில் இருக்கின்றன, ரூட்டுக்கு மட்டுமே. ஆப்பிளின் மேக் கணினியில் ஐஓபிளாட்ஃபார்ம்யூயூஐடி. ராஸ்பெரி பையில் ப்ராக் சிபியுஇன்ஃபோவின் சீரியல் வரி. டிவைஸ்ட்ரீயிலிருந்து படித்தால் கடைசியில் ஒரு நல் பைட் ஒட்டிக்கொண்டு வரும், வெட்டுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்புக்கு ஐஎம்இஐயும் சீரியலும் கிடைக்காது, கேட்டு வருபவர்களுக்கு அவ்வளவுதான் பதில்.

இப்போது இவற்றை எப்படிச் சேர்ப்பது? போர்டு யூயூஐடி, டிஸ்க் சீரியல், மெஷின்கைட், மேக் நாலையும் ஒட்டி ஒரே ஹேஷாக ஆக்கினால் செத்தோம். எஸ்எஸ்டி மாற்றிய மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைக்காரர் போன் செய்வார், கல்லாவில் கூட்டம் நிற்கும். ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக ஹேஷ் செய்யுங்கள். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆக்டிவேஷனே அப்படித்தான், பத்து உறுப்புகளுக்குத் தனித்தனிச் சிறு மதிப்பு, சில மாறினாலும் பொறுத்துக்கொள்ளும்.

செய்முறை இது. உங்கள் மென்பொருளுக்கென்று ஒரு சாவி வைத்து ஹெச்மேக்-ஷா256 என்ற ஹேஷ் போடுங்கள். வரும் 32 பைட்டில் முதல் 8ஐக் குறியில்லா எண்ணாக எடுத்து, 999999ஆல் வகுத்த மீதியோடு 1 கூட்டுங்கள். உறுப்பு இல்லையென்றால் 000000. ஆக ஓர் உறுப்புக்கு ஆறு இலக்கம், நாலு உறுப்புக்கு 24 இலக்கம். ஹெக்ஸ் அல்லாமல் ஏன் இலக்கம் என்றால், இந்த எண்ணைக் கடைக்காரர் போனில் படித்துச் சொல்லப் போகிறார். ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தும் பதினாறாவது எழுத்தும் நம் காதுக்கு ஒரே "பி". ஆறு இலக்கத்தைப் படிக்க ஓடிபி எல்லோருக்கும் பழக்கிவிட்டது.

மதிப்பெண்: போர்டு யூயூஐடிக்கு 3, டிஸ்க்குக்கு 2, மெஷின்கைட்டுக்கு 2, மேக்குக்கு 1. மொத்தம் 8, பாதி வந்தால் பாஸ். புது டிஸ்க் போட்டு விண்டோஸையும் புதிதாக நிறுவினால் போர்டும் மேக்கும் 4, ஓடும். போர்டு எரிந்து மாற்றினால் அதோடு ஒட்டிய மேக்கும் போகும், டிஸ்க்கும் கைட்டும் 4, ஓடும். டிஸ்க்கைக் குளோன் செய்து பக்கத்துக் கணினியில் போட்டால் கைட் மட்டும் 2, ஓடாது. டிஸ்க்கையே கழற்றி வேறு கணினியில் மாட்டினால் ஓடும், ஆனால் பழைய கணினியில் டிஸ்க் இல்லையே, அதில் புது டிஸ்க் போடாதவரை உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. பதிவு செய்த நாளில் யூயூஐடி குப்பையாக இருந்தால் மொத்தம் 5, வேண்டியது 3. பாஸ் ஆனதும் புது மதிப்புகளைத் தானாகப் பழையதன் மேல் எழுதிவிடாதீர்கள், இன்றைக்கு டிஸ்க், அடுத்த மாதம் போர்டு என்று ஒரு லைசென்ஸ் மெல்ல ஊர்ந்து வேறு கணினிக்கே போய்விடும். ஆண்டுக்கு இத்தனை முறை என்று வரம்பு வையுங்கள்.

இதையெல்லாம் கிராக் செய்துவிடலாம் என்று கீழே ஒருவர் எழுதப் போகிறார். செய்யலாம்தான். டிபக்கர் தெரிந்தவர் ஒப்பிடும் அந்த ஒரு இடத்தைத் திருத்தினால் முடிந்தது. அதைத் தடுக்கும் வழி இது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தெரிந்தவர் கடைக்குக் காப்பி எடுத்துக் கொடுப்பதைத் தடுக்கும், அது போதும். ஆனால் லைசென்ஸ் ஃபைலை ஆர்எஸ்ஏ அல்லது எட்25519 டிஜிட்டல் கையெழுத்தோடு கொடுங்கள், பொதுச்சாவி மட்டும் புரோகிராமுக்குள் இருக்கட்டும். ஹார்ட்வேர் எண்ணிலிருந்து லைசென்ஸ் எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தையே எக்ஸிக்குள் வைத்தால் கீஜென்னை (திருட்டு லைசென்ஸ் எண் தயாரிக்கும் புரோகிராம்) நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறதே என்பவர்களுக்கு: அதன் எண்டார்ஸ்மென்ட் கீ உண்மையிலேயே தனித்துவமானது, பவர்ஷெல்லில் படிக்க அட்மின் உரிமை வேண்டும், பழைய கணினிகளில் டிபிஎம் இல்லவே இல்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் விண்டோஸ் 11 இருந்தால் தாராளமாகப் போங்கள். விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டினால் இதில் எதுவும் நிலையில்லை. விஎம்வேர் குளோனைத் திறக்கும்போது "காப்பி செய்தேன்" என்றால் புது யூயூஐடி, "நகர்த்தினேன்" என்றால் பழையதே. அங்கே சர்வரில் எண்ணிக்கை பார்ப்பது ஒன்றுதான் வழி.

வெளியே விடும் முன் ஒரே கணினியில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு பென்டிரைவ் செருகி ரீஸ்டார்ட் செய்யுங்கள், விபிஎன் போடுங்கள், வைஃபையை அணையுங்கள், கைப்பேசியில் நெட் எடுங்கள், அட்மினாக ஒருமுறை சாதாரணப் பயனராக ஒருமுறை ஓட்டுங்கள், 32 பிட் பில்டும் 64 பிட் பில்டும் ஓட்டுங்கள். 24 இலக்கமும் அசையக் கூடாது. எந்த ஆறு அசைகிறதோ, அந்த உறுப்பைப் படிக்கும் கோடை மேலே சொன்ன இடத்தில் போய்ப் பாருங்கள். அப்படியும் புரியாவிட்டால் கோடைக் கமென்டில் எழுத்தாக ஒட்டுங்கள். மானிட்டரைக் கைப்பேசியில் சாய்வாகப் படம் பிடித்துப் போட்டால், டியூப்லைட் வெளிச்சம் விழுந்த வரியில்தான் எப்போதும் பிழை இருக்கிறது.